போதையில் சொன்ன 'ம்': இளையோரிடம் எதைப் பேச வேண்டும் என்பதில் எங்கள் நிலைப்பாடு

நம் வீடுகளில் மதுவைப் பற்றிய பேச்சு மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. மகனிடம் 'குடிச்சிட்டு மோட்டார் ஓட்டாதே' என்கிறோம். மகளிடம் 'குடிக்கிற இடத்துக்கே போகாதே' என்கிறோம். குடித்துத் தள்ளாடும் ஒரு பெண்ணிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் மகனிடம் யாரும் சொல்வதில்லை. ஜொகூரில் தமிழ் இளையோரோடு பணியாற்றும் எங்கள் அமைப்பு, சொல்லாமல் விட்ட அந்தப் பேச்சைப் பற்றித்தான் இந்த அறிக்கையை வெளியிடுகிறது.

போதையில் இருப்பவர் தரும் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு. இதைப் பிள்ளைகளிடம், முதலில் ஆண்பிள்ளைகளிடம், ஒளிவுமறைவில்லாமல் தமிழிலேயே பேச வேண்டும்.

இது நாங்களாகக் கண்டுபிடித்த கொள்கை அல்ல. தான் எதற்கு ஒப்புக்கொள்கிறோம், அதன் விளைவு என்ன என்று புரியாத அளவுக்குப் போதையில் இருக்கும் ஒருவர் தரும் இசைவு இசைவே ஆகாது என்று மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 90ஆவது பிரிவு சொல்கிறது. பாலியல் வல்லுறவுக்கு 376ஆவது பிரிவின் கீழ் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. 'நானுந்தான் குடிச்சிருந்தேன்' என்று சொல்லித் தப்பவும் முடியாது. சில விதிவிலக்குகள் தவிர, போதையைத் தற்காப்பு வாதமாக 85ஆவது பிரிவு ஏற்பதில்லை. ஒரு கோப்பை குடித்துவிட்டாலே எல்லாம் குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். புரியும் நிலையில் இருந்தாரா என்பதைத்தான் அது பார்க்கிறது. ஆனால் இரவு ஒரு மணிக்கு, தானும் குடித்திருக்கும் 20 வயதுப் பையனுக்கு அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதனால் நாங்கள் பிள்ளைகளிடம் சட்டத்தைவிட எளிதான ஒன்றைச் சொல்கிறோம்: சந்தேகம் வந்தால் காலை வரை பொறு.

இதில் பலரும் அறியாத ஒரு செய்தி இருக்கிறது. போதையில் மயங்கி விழுவது வேறு, நினைவு அறுந்துபோவது வேறு. வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தவரின் மூளை, நடப்பதைப் பதிவுசெய்வதைச் சில மணி நேரம் நிறுத்திவிடக்கூடும். அந்த நேரத்தில் அவர் நடப்பார், சிரிப்பார், பாட்டுக்கு ஆடுவார், கேட்டதற்கு 'ம்' என்றும் சொல்வார். மறுநாள் அதில் எதுவும் நினைவில் இருக்காது. பார்த்தவர்களோ 'நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தா' என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவளும் பொய் சொல்லவில்லை. கறுப்புக் காப்பி, குளிர்ந்த நீர், மோர் என்று நம்மவர்கள் வைத்திருக்கும் வைத்தியம் எதுவும் இதற்கு உதவாது. குடித்ததை ஈரல் தன் வேகத்தில்தான் கரைக்கும்.

'மௌனம் சம்மதம்' என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். பெண் பார்க்கும் கூடத்திலும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம்; அங்கேயும் அது சரிதானா என்பது வேறு கதை. குடித்த ஒருவரின் மௌனம் பெரும்பாலும் பேச முடியாமையே. எங்கள் பட்டறைகளில் இந்தச் சொல்லை இனி யாரும் நகைச்சுவைக்குக்கூடப் பயன்படுத்த மாட்டார்கள்.

மதுவையும் பெண்ணின் பாதுகாப்பையும் சேர்த்துப் பேசுவது நம் சமூகத்துக்குப் புதிதல்ல. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியலில், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்பதும் சேர்ந்தே இருந்தன. போருக்குப் பின் கெடா தோட்டங்களில் தொண்டர் படை என்ற அமைப்பு கள்ளுக்கு எதிராகக் கிளம்பியது. ஆனால் அன்று விரல் நீட்டியது தோட்டத் துரையையும் (மேலாளர்) கிராணியையும் (எழுத்தர்) நோக்கி. இன்று நீட்ட வேண்டியிருப்பது கூடப் படிக்கும் நண்பனை, ஒரே வீட்டில் அறை எடுத்திருப்பவனை, சில வேளை சொந்தக்கார அண்ணனை நோக்கி. அதனால்தான் வாய் வரவில்லை என்று நினைக்கிறோம்.

சிகாமட்டிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் பிள்ளைகள் ஸ்கூடாய்க்குப் படிக்க வருகிறார்கள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஜொகூர் பாருவில் கூட்டாக வாடகை வீடெடுத்து, விடியுமுன் கடற்பாலத்தைக் கடக்கிறார்கள். பல வீடுகளில் பெரியவர் யாரும் இல்லை. பிறந்தநாளும் சம்பள நாளும் அங்கேதான் கொண்டாடப்படுகின்றன. பூட்டிய கதவுக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்கும் பொறுப்பு உண்டு. நிலை தடுமாறும் தோழியைத் தனியே யாரோடும் அனுப்பாமல், தெரிந்த ஒரு பெண்ணைத் துணைக்கு வைத்து, வாந்தி எடுத்தால் மூச்சடைக்காதபடி ஒருக்களித்துப் படுக்க வைப்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. எழுப்பியும் எழவில்லை என்றால் 999.

'இதைப் பேசுவது குடிக்கக் கற்றுக்கொடுப்பது ஆகாதா?' என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். 2017 டிசம்பர் 1 முதல் இந்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. அந்த விதியை நாங்கள் ஆதரிக்கிறோம். குடிக்காதே என்றும் சொல்கிறோம். ஆனால் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டால், விதியை மீறிய 19 வயதுப் பெண் தனக்கு நேர்ந்ததை யாரிடமும் சொல்ல மாட்டாள். 'நீ ஏன் குடிச்சே?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எங்களிடம் வருகிறவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று எங்கள் தொண்டர்களுக்கு விதி வைத்திருக்கிறோம். பாதிக்கப்படும் ஆண்பிள்ளைகளுக்கும் இதே விதிதான். வல்லுறவை வரையறுக்கும் 375ஆவது பிரிவு பெண்ணை மட்டுமே குறிப்பிட்டாலும், மற்றவர்களுக்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன.

கோயில் இளைஞர் பிரிவுகளும் முன்னாள் மாணவர் சங்கங்களும் எங்களை அழைத்தால் வருகிறோம். ஒரே ஒரு நிபந்தனை: ஆண்களையும் பெண்களையும் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும். பெண்களுக்கு மட்டும் நடத்தித் தரும்படி கேட்டால் மறுப்போம்.

அத்துமீறல் ஏற்கெனவே நடந்துவிட்டது என்றால், அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் ஓஎஸ்சிசி (One Stop Crisis Centre) என்று சொன்னால் போதும். தனி அறைக்கு அழைத்துச் செல்வார்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முடிந்தால் குளிக்காமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் ஒரு காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள். குளித்துவிட்டிருந்தாலும் போங்கள். யாரிடமாவது முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999, 24 மணி நேரமும்.