எண்ணாமல் எழுதிய 18

தாதியர் கல்லூரியில் ஏமாற்று வேலை என்றதும் எல்லாரும் தேர்வு மண்டபத்தைத்தான் நினைக்கிறார்கள். அங்கே துண்டுச் சீட்டோடு பிடிபட்டால் தண்டனை உண்டு. நான் சொல்ல வந்தது வார்டில் நடப்பதை. அங்கே ஏமாற்றியவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டாம் ஆண்டுப் பயிற்சியில் ஒரு காலை, ஆறு நோயாளிகளைப் பரிசோதித்துக் குறிப்பெழுதும் வேலை எனக்கு. இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் இயந்திரம் காட்டிவிடும். மூச்சை மட்டும் நாம்தான் எண்ண வேண்டும். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் கவனிக்க வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். எனக்கோ அவசரம். ஆறு பேருக்கும் 18 என்று எழுதினேன். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 18 என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். மூத்த மாணவிகளிடம் கற்ற பாடம் அது.

பயிற்றுநர் கேட்டார். நான்காம் கட்டில் பாட்டியைக் காட்டி, "நான் பக்கத்துல நிக்கிறேன், இன்னொரு தடவை எண்ணும்மா" என்றார்.

28.

நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டறிய பிரிட்டனில் உருவாக்கப்பட்ட 'நியூஸ்' மதிப்பெண் முறையில், 18 மூச்சுக்குப் புள்ளியே இல்லை. 25-ஐத் தொட்டால் 3 புள்ளி. அது ஒன்றுக்காகவே நோயாளியை அவசரமாகப் பார்க்க வேண்டும். நான் எழுதிய எண், பாட்டிக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவரிடம் சொல்லியிருக்கும். மருத்துவர் வந்தார், ஆக்சிஜன் வைத்தார்கள். "எனக்கு என்னம்மா?" என்று பாட்டி என்னைத்தான் கேட்டார்.

பயிற்றுநர் திட்டவில்லை. 18-ஐ ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் நேரமும் கையொப்பமும் போடச் சொன்னார். மற்ற ஐவருக்கும் திரும்ப எண்ணினேன்.

சோம்பல்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. எங்கள் பயிற்சிப் பதிவேட்டில், காயத்துக்குக் கட்டுப் போடுவது இத்தனை முறை, சிறுநீர்க் குழாய் பொருத்துவது இத்தனை முறை என்று கட்டங்கள் உண்டு. வார்டில் வாய்ப்பு வராவிட்டாலும் கட்டம் நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் தாதியர் வாரியத் தேர்வுக்கு உட்கார முடியாதோ என்ற பயம். அதனால் ஒருத்தி செய்வதை நான்கு பேர் நின்று பார்த்துவிட்டு, ஐந்து பேரும் 'செய்தேன்' என்று கையொப்பம் வாங்குகிறோம். வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று உண்மையை எழுதுபவள் பின்தங்கி, பொய் எழுதுபவள் முந்துகிற வரை, நேர்மை பற்றிய உரைகளால் என்ன பயன்? அப்படி எழுதுபவளுக்குக் கல்லூரி அடுத்த வார்டிலாவது வாய்ப்பு ஏற்படுத்தித் தரட்டும்.

இந்த மாதம் என் பதிவேட்டில் இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறேன். திங்கட்கிழமை கையொப்பத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.