மழையில் வந்து அளக்கட்டும்

எண்ணூரில் கொசஸ்தலையாற்றின் புதுத்தண்ணீர் இறங்கிக் கடலோடு கலக்கும்போதுதான் கழிமுகத்தின் சுபாவமே தெரியும். ஆய்வுக்கு வருபவர்களோ மழை விட்ட பிறகுதான் பாட்டிலும் கையுமாக வருகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் வரும் பெரும்பாலான திட்டங்களுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவே போதும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. கண்டல் வேர்களில் தார்போல அப்பிக்கொண்டது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் என் வலை தேறவில்லை; தூக்கி எறிந்தேன். வெள்ள மாதத்தையே பார்க்காத அறிக்கை இதை எப்படி முன்கூட்டிச் சொல்லும்?

அறிக்கை எழுதும் ஆலோசகருக்குக் கூலி கொடுப்பதும் திட்டம் கொண்டுவரும் கம்பெனிதான். கல்யாணத் தரகர் மாப்பிள்ளையைக் குறை சொல்வாரா? கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன் நமக்குத் தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. அனல்மின் நிலையச் சாம்பல், சுடுதண்ணீர்க் கணக்கெல்லாம் தலையணை மொத்தத்துக்கு ஆங்கிலத்தில் கிடக்கும். (அதைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கணுமாம்!)

ஆலோசகரை அரசே நியமித்து, செலவைக் கம்பெனியிடம் வசூலிக்கட்டும். முழு அறிக்கையும் தமிழில் வரட்டும். ஐப்பசி, கார்த்திகையில் அளக்காத எந்த அறிக்கையையும் கருத்துக்கேட்பில் எதிர்ப்பேன்.