முதலில் வெயிலைப் பாருங்கள், பிறகு விதை வாங்கலாம்

ஆடி பிறந்துவிட்டால் விதைக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். கத்தரி, வெண்டை, மிளகாய், பாகல் என்று ஆளுக்கு ஒரு பை நிறைய வாங்கிப் போவார்கள். புரட்டாசியில் எட்டிப் பார்த்தால் பல வீடுகளில் காய்ந்த குச்சிகள்தான் நிற்கும். பழி விதைக்கடைக்காரர் மேல் விழும். பெரும்பாலும் தவறு விதையில் இல்லை. எங்கே வெயில் விழுகிறது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பார்க்காமல் நட்டதில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1970-களில் உருவாக்கிய முறைக்குப் பெர்மாகல்ச்சர் என்று பெயர். நிலைத்த வேளாண்மை என்று சொல்லலாம். ஹோம்கிரன் பின்னாளில் வகுத்த 12 கொள்கைகளில் முதலாவதே கவனித்துப் பார்ப்பதுதான். மற்ற பதினொன்றை மறந்தாலும் வீட்டுத் தோட்டத்துக்கு இது ஒன்று போதும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட், அதாவது சுமார் 435 சதுர அடி இருக்கிறது என்று வையுங்கள். ஆடி மாதத்தில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். எல்லா இடமும் வெயிலாகத் தெரியும். மார்கழியில் அது தெற்கே சாய்ந்துவிடும். அப்போது 10 அடி உயரச் சுவரின் நிழல், நண்பகலிலேயே வடக்குப் பக்கம் 7 அடி வரை விழும். கத்தரியும் மிளகாயும் காய்த்துக் கொண்டிருக்க வேண்டிய மாதம் அது. சுவருக்கு வடக்கே ஒட்டி நட்டவருக்கு இலை கிடைக்கும், காய் கிடைக்காது. அந்த இடத்தைப் புதினா, சேம்பு, இஞ்சி, மஞ்சளுக்கு விட்டுவிடலாம். காய்ச்செடிகளுக்குத் தினமும் 6 மணி நேர வெயிலாவது வேண்டும்.

அடுத்தது தூரம். தினமும் கை வைக்கும் செடி அடுக்களைக் கதவுக்கு அருகில் இருக்க வேண்டும்: கொத்தமல்லி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கீரைப் பாத்தி. வாரம் இரண்டு முறை பறிக்கும் வெண்டையும் கத்தரியும் அதற்கு அப்பால். முருங்கையும் வாழையும் வேலியோரம். சாதம் வடிக்கும்போது ஓடிப் போய் இரண்டு மிளகாய் பறிக்க முடியாத தோட்டம், ஒரு மாதத்தில் யாரும் எட்டிப் பார்க்காத தோட்டமாகிவிடும்.

புதிதாகக் கட்டிய வீடு என்றால் உண்மையான சிக்கல் மண்தான். ஒரு சாண் தோண்டினால் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் வரும். அவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு, வண்டி வண்டியாகச் செம்மண் கொட்டச் செலவழிப்பதற்கு முன் பலதானிய விதைப்பைச் செய்து பார்க்கலாம். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிவந்த முறை இது. கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, கடுகு, கொத்தமல்லி, சணப்பை, தக்கைப்பூண்டு எனக் கிடைப்பதையெல்லாம் கலந்து விதைக்க வேண்டும். ஒரு சென்ட்டுக்குக் கால் கிலோ போதும். 50, 60 நாளில் பூக்கத் தொடங்கும்போது வெட்டி மண்ணில் புதைத்துவிட்டு, இரண்டு வாரம் மட்க விட வேண்டும். இதற்காக இந்த ஆடியைத் தவற விட்டாலும் நட்டமில்லை, தைப்பட்டம் இருக்கிறது. பொறுமையில்லாதவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

பிறகு மூடாக்கு. காய்ந்த இலை, வைக்கோல், தென்னை மட்டை எதுவானாலும் நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினால் மண் ஈரம் காக்கும், களை குறையும். தண்டைத் தொடாமல் சற்று விலக்கிப் போடுவது நல்லது. கோரை மட்டும் மூடாக்குக்கு அடங்காது. கிழங்கோடு தோண்டி எடுக்கத்தான் வேண்டும். வேப்பிலைச் சருகைக் கூட்டி வாசலில் கொளுத்தும் பழக்கத்தை இன்றோடு நிறுத்தலாம்.

தண்ணீருக்குத் தனி மோட்டார் தேவையில்லை. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. அரிசி, காய் கழுவிய தண்ணீர் நேராகப் பாத்திக்குப் போகலாம். குளியலறைத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பலாம்; பச்சையாகச் சாப்பிடும் புதினா, மல்லிக்கு வேண்டாம். சோப்புத்தூள் அதிகமுள்ள துணி துவைத்த தண்ணீரை எதற்கும் விடாமலிருப்பதே நல்லது.

பூச்சி வரும். ஒரே பாத்தியில் ஒரே செடியாக நட்டால் கூட்டமாக வரும். கத்தரிக்கு நடுவே வெங்காயம், ஓரத்தில் செண்டுமல்லி, வேலியில் தட்டைப்பயறு என்று கலந்து நட்டால் பொறிவண்டும் குளவியும் தேடி வந்து பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அசுவினியைக் கண்ட அன்றே மருந்து தெளித்தால் முதலில் சாவது பொறிவண்டுதான்.

கணக்கையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சென்ட்டில் பெரிய வெங்காயமும் உருளையும் வீட்டுக்குப் போதுமான அளவு விளையாது. அவற்றுக்குக் கடைக்குப் போகத்தான் வேண்டும். கீரை, முருங்கை, கறிவேப்பிலை, மிளகாய், பந்தலில் ஏறும் பாகல், புடலை, அவரை ஆகியவற்றில்தான் மிச்சம் தெரியும். பந்தல் போட்டால் அதன் அடி நிழலில் இஞ்சியும் வரும்.

விதை வாங்கும்போது நாட்டு ரகமா என்று கேட்டு வாங்குவது அவசியம். ஹைப்ரிட் விதையிலிருந்து எடுக்கும் விதை அடுத்த முறை அதே மாதிரி காய்க்காது. நாட்டுக் கத்தரியில் திடமான செடியின் நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் மஞ்சளாகும் வரை விட்டு விதை எடுக்கலாம். அந்தக் காம்பில் ஒரு துணியைக் கட்டி வைப்பது நல்லது. இல்லையென்றால் யாராவது அதையும் பறித்து எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பில் போட்டுவிடுவார்கள்.