வம்ச அட்டவணையின் வண்டவாளம்

பைபிள் படிக்கின்றவர்கள் வம்சவரலாறு வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவது வழக்கம். பாதிரிமார்களும் அதன்மேல் பிரசங்கம் செய்வது அபூர்வம். இன்னான் இன்னானைப் பெற்றான் என்ற ஜாபிதாவில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். நாமோ, பிறப்பினால் உயர்வு பேசுகின்றவர்களின் குடுமி அந்த ஜாபிதாவில்தான் சிக்கியிருக்கின்றது என்கின்றோம்.

அந்த ஜாபிதா எதற்குப் பயன்பட்டது? பாபிலோன் சிறையிருப்பிலிருந்து யூதர்கள் எருசலேமுக்குத் திரும்பிய கதை எஸ்றா 2-ம் அதிகாரத்தில் இருக்கின்றது. அங்கே அபாயா, கோஸ், பர்சிலாய் என்ற மூன்று ஆசாரியக் குடும்பத்தார் வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடினார்கள், அகப்படவில்லை. உடனே தீட்டுப்பட்டவர்கள் என்று ஆசாரியத் தொழிலினின்றும் தள்ளப்பட்டார்கள். அவர்கள் திருடினார்களா? பொய் சொன்னார்களா? ஏட்டில் பெயர் இல்லை, அவ்வளவுதான் குற்றம்.

சரி, ஏட்டில் பெயர் உள்ளவர்களுடைய யோக்கியதையைப் பார்ப்போம். மோவாபியர் 10-வது தலைமுறையிலும் சபையில் சேரக்கூடாது என்பது உபாகமம் 23-ம் அதிகாரத்தின் சட்டம். ரூத் என்பவள் மோவாபியப் பெண். அவளைப் போவாஸ் மணந்தான். அவள் மகன் ஓபேத், பேரன் ஈசாய், கொள்ளுப்பேரன் தாவீது ராஜா! சட்டப்படி வாசலுக்கு வெளியே நிற்கவேண்டியவன் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கின்றான்.

இதற்கும் யூத ரபிமார்கள் ஒரு சமாதானம் வைத்திருக்கின்றார்கள். விலக்கு மோவாபிய ஆணுக்குத்தானாம், பெண்ணுக்கு இல்லையாம். அப்படியானால், மோவாபியப் பெண்களைக் கட்டிய யூதர்களை அடித்து மயிரைப் பிய்த்ததாக நெகேமியா 13-ம் அதிகாரத்தில் எழுதியிருப்பது எதற்காக என்று கேட்கின்றோம். ராஜா வீட்டுப் பாட்டிக்கு ஒரு நியாயம், ஏழை வீட்டு மருமகளுக்கு வேறு நியாயமா?

மத்தேயுவின் கணக்கோ இன்னும் வேடிக்கை. தலைமுறைகள் 14, 14, 14 என்று சரிக்கட்டுவதற்காக யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவிலிருந்த அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற 3 ராஜாக்களை அவர் விழுங்கிவிட்டார். ராஜாக்களையே விழுங்கக்கூடிய ஏட்டை நம்பியா மனிதனைத் தீட்டு என்று தள்ளுவது? ஆனாலும் தாமார், ராகாப், ரூத் என்ற பெண்களை அவர் மறைக்காமல் எழுதினார். அதை நாம் மெச்சுகின்றோம். அவரைத் தினமும் ஓதிக்கொண்டே கல்லறைத் தோட்டத்தில் ஜாதிக்கொரு பக்கம் ஒதுக்குகின்ற நமது நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பெயர்கள் கண்ணில் படுவதேயில்லை போலும்.

நிற்க. நமக்கு மிகவும் பிடித்தவன் யர்கா. யார் அவன் என்பீர்கள். யூதா கோத்திரத்துச் சேசானுக்கு ஆண் பிள்ளை இல்லை; வீட்டில் வேலை செய்த எகிப்திய அடிமையான யர்காவுக்கே மகளைக் கட்டிக்கொடுத்தான். அவர்கள் மகன் அத்தாய். அத்தாய் முதல் எலிஷாமா வரை 13 தலைமுறையை 1 நாளாகமம் 2-ம் அதிகாரம் யூதா வம்சமாகவே எழுதி வைத்திருக்கின்றது. அந்நிய தேசத்து அடிமையின் இரத்தத்தினால் கோத்திரம் கெட்டுப்போகவில்லை. அற்றுப்போகவிருந்த கிளை தழைத்தது.

ஆனால், அந்தக் கலியாணத்தைச் சொல்லும் இடத்தில் சேசானுடைய மகளின் பெயர் இல்லை. எஸ்றா 10-ம் அதிகாரமும் அப்படியே. அந்நிய மனைவிகளைத் தள்ளிவிடத் தீர்மானித்தபோது, அவர்களைக் கட்டிய ஆண்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டன. அம்மனைவிகளில் சிலருக்குப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று கடைசியில் ஒரு வரி வருகின்றது. அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயரும் அங்கே இல்லை. ஒரு பிள்ளையின் பெயரும் இல்லை.