ஒப்பாரிக்கு லண்டனில் ஒரு தம்பி

தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் சாவு விழுந்தால் பறை அதிரும். பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். இறந்தவரை அறியாத வழிப்போக்கனும் நின்று கேட்பான். அவன் கண்ணும் கலங்கும்.

சோகப் பாட்டு ஏன் மனிதனை இழுக்கிறது?

நெஞ்சில் அடைத்து வைத்த துயரத்தை இன்னொருவர் வாய்விட்டுப் பாடுகிறார். கேட்பவரின் பாரம் குறைகிறது.

இது பழைய வழக்கம். தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது அவ்வையார் பாடிய இரங்கல் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது.

ஒப்பாரிக்கு இங்கிலாந்திலும் ஒரு தம்பி உண்டு. அதன் பெயர் 'கிரைம்' இசை. குற்றம் என்று பொருள்படும் சொல் அல்ல இது. இதற்கு அழுக்கு, கரி என்று பொருள்.

2000-ஆம் ஆண்டை ஒட்டி, கிழக்கு லண்டனில் இது பிறந்தது. ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த வாலிபர்கள், அனுமதி பெறாத சிறு வானொலிகளில் பாடினார்கள். நிமிடத்துக்குச் சுமார் 140 தட்டு என்ற வேகம். பாட்டில் வறுமை, பயம், கோபம், தெருச்சண்டை எல்லாம் வரும்.

டிஸ்ஸி ராஸ்கல் என்பவர் தாயின் உழைப்பில் வளர்ந்தவர். அவருடைய முதல் இசைத்தட்டுக்கு 2003-ல் மெர்க்குரி பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 18!

லண்டன் போலீசாருக்கு இத்தகைய கச்சேரிகள் மேல் சந்தேகம். 2005-ல் '696' என்ற படிவத்தைக் கொண்டுவந்தார்கள். பாடுவோரின் விவரங்களை முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். இந்த இசையை ஒடுக்கவே படிவம் என்று கலைஞர்கள் குற்றம் சாட்டினார்கள். 2017-ல் அது ரத்தாயிற்று.

பெற்றோர்களே! நம் வீட்டிலும் ஒரு '696' வேண்டுமா?

பிள்ளை அறைக்குள் தனியே இருண்ட பாட்டாகவே கேட்டால் உங்களுக்குக் கவலை வருவது இயல்பே. சில பாட்டுகளில் கெட்ட வார்த்தை உண்டு. கத்தியைப் பெருமையாகப் பேசுவதும் உண்டு. அது தவறு என்று சொல்லுங்கள்.

ஆனால் செல்போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் பாட்டு நிற்கும், மனத்துயர் நிற்காது. "இதில் என்னப்பா சொல்கிறான்? எனக்கும் சொல்லு" என்று பக்கத்தில் உட்காருங்கள்.

பாட்டின் பொருளைச் சொல்ல ஆரம்பிக்கும் பிள்ளை, மெல்ல மெல்லத் தன் மனத்தையும் சொல்லிவிடும்.

ஒப்பாரி வைப்பவளை யாரும் தனியே அழ விடுவதில்லை. நம் பிள்ளையை மட்டும் விடலாமா?