மாலையா, தாலியா? - இரண்டு மந்திரிசபைகளின் கதை

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி வடக்கே போனால் ஆரம்பாக்கம். அதற்கு அப்பால் ஆந்திரா. மேற்கே திருத்தணியைத் தாண்டினாலும் ஆந்திராதான்.

இந்த எல்லைக் கோடு எப்படி வந்தது தெரியுமா? போராட்டத்தால் பாதி வந்தது. விட்டுக்கொடுத்ததால் பாதி வந்தது.

1953-ல் ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்தது. திருப்பதி, சித்தூரோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சிவஞானம் கிளர்ச்சி செய்தார். சிறைக்கும் போனார். பிறகு படாஸ்கர் என்பவர் நடுவராக இருந்து வழி சொன்னார். 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி நம்மிடம் வந்தது. அதற்கு ஈடாக, திருவள்ளூர், பொன்னேரி தாலுகாக்களில் இருந்த சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. திருப்பதி வரவே இல்லை.

இப்படி ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதைத்தான் "சமரசம்" என்கிறார்கள். நிலத்தில் சமரசம் செய்யலாம். கோடு போட்டுப் பிரித்துவிடலாம். கொள்கையில் சமரசம் செய்ய முடியுமா? அதிலும் கடவுள், சடங்கு, சாஸ்திரம் என்று வரும்போது?

சீர்திருத்தம் பேசுகிற ஒரு கட்சி ஆட்சிக்கு வருகிறது. பழைய ஆசாரத்தில் பற்றுள்ளவர்கள் அதனுடன் கைகோக்க வருகிறார்கள். அவர்களைச் சேர்க்கலாமா? சேர்த்தால் எதுவரை சேர்க்கலாம்? தேர்தல் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் வருகிறது. 1967-ல் இதற்கு இரண்டு ராஜ்யங்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லின. அதுவும் ஒரே நாளில்!

சேராதவர்கள் சேர்ந்தார்கள்

1967 தேர்தலில் தி.மு.கழகம் அமைத்த கூட்டணியைப் பாருங்கள்.

ஒரு பக்கம் அண்ணாதுரை. பெரியாரின் பகுத்தறிவுப் பள்ளியில் வளர்ந்தவர். இன்னொரு பக்கம் ராஜாஜி. ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் எளிய நடையில் எழுதிப் புகழ் பெற்றவர். ஆசாரமான வைதிகர். சுதந்திரா கட்சியின் தலைவர்.

இந்த இருவரும் பழைய எதிரிகள். 1938-ல் ராஜாஜி சர்க்கார் பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியது. அதை எதிர்த்து அண்ணா சிறை சென்றார். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தை "குலக்கல்வி" என்று சொல்லி தி.மு.கழகம் போராடியது. அப்படிப்பட்டவர்கள் 1967-ல் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள்!

காரணம் இல்லாமல் இல்லை. 1965-ல் மீண்டும் இந்திப் பிரச்சினை வெடித்தது. இந்த முறை ராஜாஜியே இந்தியை எதிர்த்தார். அரிசிப் பஞ்சம் வேறு ஜனங்களை வாட்டியது. காங்கிரசைத் தோற்கடிக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம்.

கூட்டணியில் வேறு யார் இருந்தார்கள்? காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயிலின் முஸ்லிம் லீக் இருந்தது. மார்க்சிஸ்டு கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள். கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று ஒரு காலத்தில் சொன்னவர் ராஜாஜி!

திருத்தணிக்காகப் போராடிய ம.பொ.சி.யும் வந்தார். அவர் வள்ளலார் மீது பக்தி கொண்டவர். திராவிட நாடு கோரிக்கையைப் பல ஆண்டுகள் கடுமையாக எதிர்த்தவர். அவர் தியாகராய நகரில் உதயசூரியன் சின்னத்திலேயே நின்று ஜெயித்தார்.

"ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொள்ளுங்கள், மறு கையால் சூரியனுக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று ராஜாஜி சொன்னதாக ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. அண்ணாவைப் பற்றியும் ஒரு பேச்சு உண்டு. பிள்ளையாரையும் உடைக்க மாட்டேன், பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைக்க மாட்டேன் என்றாராம். இரண்டு பேச்சும் சேர்ந்தால் அந்தக் கூட்டணியின் படம் கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா?

இதில் ஒரு விசித்திரம்: பெரியார் அந்தத் தேர்தலில் அண்ணாவை ஆதரிக்கவில்லை. காமராஜரை ஆதரித்தார்!

மார்ச் 6

1967 மார்ச் 6-ந் தேதி சென்னையில் அண்ணா முதல்-மந்திரியானார். அதே நாளில் திருவனந்தபுரத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதல்-மந்திரியானார்.

இரண்டு கூட்டணியிலும் முஸ்லிம் லீக் இருந்தது. இங்கே அண்ணாவுடன் நின்ற காயிதே மில்லத், கேரளத்தில் உள்ள மஞ்சேரி தொகுதியின் பார்லிமெண்டு மெம்பர். ஆகவே இரண்டு வீட்டுக்கும் அவர் உறவு.

ஆனால், மந்திரிசபை அமைப்பதில் இரு வீட்டாரும் வேறு வேறு வழியில் போனார்கள்.

சென்னைச் சட்டசபையில் மொத்தம் 234 இடங்கள். தி.மு.கழகத்துக்கு மட்டும் 137 கிடைத்தன. சுதந்திரா கட்சிக்கு 20. மார்க்சிஸ்டுகளுக்கு 11. லீக்குக்கு 3. காங்கிரசுக்கு 51. அண்ணாவுக்கு யாருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை. மந்திரிகள் அனைவரும் தி.மு.கழகத்தினரே. தேர்தலில் தோள் கொடுத்தவர்கள் வாசலோடு நின்றார்கள்.

கேரளத்தில் நிலைமை வேறு. 133 இடங்களில் மார்க்சிஸ்டுகளுக்கு 52 தான் கிடைத்தன. கூட்டாளி இல்லாமல் நாற்காலி நிற்காது. ஆகவே ஏழு கட்சிகள் சேர்ந்து ஆட்சி நடத்தின. 14 இடம் பிடித்த முஸ்லிம் லீக்குக்கு இரண்டு மந்திரி பதவி கொடுக்கப்பட்டது. லீக்கின் சி.எச்.முகம்மது கோயா கல்வி மந்திரியானார். மதத்தின் பெயரால் அமைந்த கட்சிக்குக் கம்யூனிஸ்டு முதல்-மந்திரி கல்வி இலாகாவையே கொடுத்தார்!

கொடுத்ததும் வீண் போகவில்லை. 1968-ல் கோழிக்கோடு சர்வகலாசாலை பிறந்தது. கல்வியில் பின்தங்கியிருந்த மலபார் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவு. 1969-ல் லீக்கின் நெடுநாள் கோரிக்கைப்படி மலப்புரம் மாவட்டம் அமைந்தது. மதத்தைப் பார்த்து மாவட்டம் பிரிக்கலாமா என்று அப்போது பலத்த எதிர்ப்பு எழுந்தது. குத்தகை விவசாயிகளுக்கு நிலம் தரும் சட்டமும் 1969-லேயே நிறைவேறியது.

ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் கூட்டணி உடைந்தது. லீக் உள்பட சில கட்சிகள் விலகின. நம்பூதிரிபாடு பதவி இழந்தார். அடுத்து வந்த அச்சுத மேனன் மந்திரிசபையிலும் லீக் இருந்தது. உள்ளே விட்ட விருந்தாளி வீட்டுக்காரர் மாறிய பிறகும் வெளியே போகவில்லை!

ஒரு சொல் செய்த வேலை

சென்னைக்குத் திரும்புவோம். நமக்கு நெருக்கமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. அது கல்யாண விஷயம்.

1920-களின் கடைசியிலிருந்து சுயமரியாதைக் கல்யாணங்கள் நடந்துவந்தன. புரோகிதர் இல்லை. ஓமம் இல்லை. பெரியவர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்வார்கள். அதோடு கல்யாணம் முடிந்தது.

ஊர் ஒப்புக்கொண்டது. சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை. 1953-ல் ஒரு சொத்து வழக்கில் சென்னை ஐகோர்ட்டு அத்தகைய கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1955-ல் வந்த இந்து திருமணச் சட்டமும் இதைத் தீர்க்கவில்லை.

இதன் பொருள் என்ன? பத்து, இருபது ஆண்டு குடித்தனம் நடத்திய பெண்ணைப் பார்த்து, "நீ மனைவியே இல்லை" என்று கோர்ட்டில் ஒருவன் சொல்லலாம். பெற்ற பிள்ளைக்கு அப்பன் சொத்தில் உரிமை இல்லை என்று பங்காளி சொல்லலாம். எத்தனை வீடுகளில் எத்தனை தாய்மார்கள் இந்தப் பயத்தோடு படுத்து எழுந்திருப்பார்கள்!

அண்ணா 1967-ல் இதற்குச் சட்டம் கொண்டுவந்தார். 1968 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு புதிய பிரிவு.

அதில் என்ன இருக்கிறது? உறவினர், நண்பர் முன்னிலையில் ஆணும் பெண்ணும், "இவரை நான் ஏற்கிறேன்" என்று தங்களுக்குப் புரியும் பாஷையில் சொல்லலாம். அல்லது மாலை மாற்றிக்கொள்ளலாம், மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். இவற்றில் எதைச் செய்தாலும் கல்யாணம் செல்லும். முன்பு நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களும் செல்லும் என்றது சட்டம். அந்தத் தாய்மார்களின் பயம் தீர்ந்தது.

அந்த "அல்லது" என்ற சொல்லைக் கவனியுங்கள். தாலியே கூடாது என்று சட்டம் சொல்லியிருக்கலாம். தீவிரமானவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். தாலி கட்டாயம் என்று சொல்லியிருக்கலாம். வைதிகர்கள் மகிழ்ந்திருப்பார்கள். சட்டம் இரண்டையும் சொல்லவில்லை. ஐயரை வைத்து ஓமம் வளர்த்துச் செய்யும் கல்யாணத்தையும் அது தொடவில்லை. பழைய வழி அப்படியே இருந்தது. பக்கத்தில் புது வழி திறந்தது. பழைய வழியில் போகிறவர் புது வழியை அடைக்க முடியாது. அவ்வளவுதான்!

இதை நல்ல சமரசம் என்று நான் நினைக்கிறேன். வைதிகர் தம் வீட்டில் எதையும் இழக்கவில்லை. அடுத்த வீட்டை அடக்கும் அதிகாரம் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அதே சர்க்கார் 1968-ல் இன்னொரு காரியமும் செய்தது. சர்க்கார் அலுவலகங்களில் உள்ள சாமி படங்களைப் படிப்படியாக எடுத்துவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. அது என்ன ஆயிற்று? இன்றும் எத்தனையோ அலுவலகங்களில் படம் இருக்கிறது. ஆயுத பூஜை அன்று பொரியும் சுண்டலும் மேஜைக்கு மேஜை வருகிறது. கல்யாணச் சட்டம் ஜனங்களுக்கு ஒன்றைக் கொடுத்தது, அது நிலைத்தது. சுற்றறிக்கை அவர்களிடமிருந்து ஒன்றை எடுக்கப் பார்த்தது. அது காகிதத்தில் நின்றது.

யூத நாட்டில் நடந்தது

கல்யாண விஷயத்தில் சமரசம் வேறு மாதிரியும் போகலாம். அதற்கு இஸ்ரேல் சாட்சி.

1948-ல் பிறந்த நாடு அது. அதன் முதல் பிரதமர் பென்-குரியன். தொழிலாளர் கட்சிக்காரர். சமதர்மம் பேசியவர். 1949-ல் அவர் மந்திரிசபை அமைத்தபோது மதக் கட்சியினரையும் உள்ளே சேர்த்தார். ஆட்சி நடக்க அவர்கள் ஓட்டு தேவைப்பட்டது.

1953-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. யூதர்களின் கல்யாணமும் விவாகரத்தும் மத குருமார்களின் கோர்ட்டு கையில் விடப்பட்டன. அங்கே "அல்லது" இல்லை. குருமார் ஒப்பாத ஜோடி என்ன செய்யும்? விமானம் ஏறிப் பக்கத்தில் உள்ள சைப்ரஸ் தீவுக்குப் போய் மணம் செய்துகொண்டு திரும்பும். இன்றும் இப்படித்தான். எழுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த முடிச்சு அவிழவில்லை.

மதக் கட்சியை உள்ளே சேர்த்ததே தவறு என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. கேரளத்திலும் சேர்த்தார்கள். அங்கே கூட்டாளி கேட்டது கல்லூரியும் மாவட்டமும். இஸ்ரேலில் கேட்டது மற்றவர்களின் கல்யாணத்தை ஆளும் உரிமை. எதைக் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

வெளியே நின்றவரின் வருத்தம்

கூட்டாளியை வாசலோடு நிறுத்துவதிலும் ஒரு கஷ்டம் உண்டு. அது ராஜாஜிக்கு நேர்ந்தது.

மதுவிலக்கு அவருடைய உயிர்க் கொள்கை. 1937-ல் சேலத்தில் அவரே அதைத் தொடங்கிவைத்தார். அண்ணா இருந்தவரை மதுவிலக்கும் இருந்தது. 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தார். 1971 தேர்தலில் ராஜாஜி தி.மு.கழகத்தை விட்டு விலகிக் காமராஜருடன் சேர்ந்து நின்றார். தி.மு.கழகம் 184 இடங்களில் ஜெயித்தது. அதே ஆண்டு மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. தொண்ணூறு வயதைத் தாண்டிய ராஜாஜி, வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். பலன் இல்லை.

மந்திரிசபையில் அவருடைய ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் தடுத்திருக்கலாமோ? ஆனால் அப்படி ஒருவர் 1967-ல் இருந்திருந்தால், கல்யாணச் சட்டம் அதே வடிவத்தில் வந்திருக்குமா? ஒன்று கிடைத்தால் இன்னொன்று கைநழுவியிருக்கலாம். சாராயத்தால் சீரழிந்த குடும்பத்துத் தாய் ஒரு பதில் சொல்வாள். மாலை மாற்றி மணந்த தாய் வேறு பதில் சொல்வாள்.

இன்றைய ஜோடிகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு இன்று பல ஊர்களிலிருந்து வேலைக்கு வருகிறார்கள். பல சாதி, பல பாஷை. ஒரே பஸ், ஒரே ஷிப்டு. ஆணும் பெண்ணும் பழகி மணக்க நினைப்பதும் நடக்கத்தான் செய்யும். பெற்றோர் ஒப்புக்கொண்டால் சிறுவாபுரி முருகன் கோவிலிலோ மண்டபத்திலோ தாலி ஏறுகிறது. ஒப்பாவிட்டால்?

2014-ல் சென்னை ஐகோர்ட்டு, வக்கீல் அறையில் ரகசியமாக நடக்கும் கல்யாணம் செல்லாது என்றது. 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கருத்தை மாற்றியது. 7-ஏ பிரிவின்படி மணக்க ஊரறிய அறிவிக்க வேண்டியதில்லை. வக்கீல் ஒருவர் நண்பர் என்ற முறையில் முன்னிலை வகித்தாலும் செல்லும் என்றது. குடும்பத்தின் மிரட்டலுக்குப் பயந்த ஜோடி ஊரைக் கூட்டி எப்படி மணக்கும் என்பதையும் நீதிபதிகள் எண்ணிப் பார்த்தார்கள்.

எந்த முறையில் மணந்தாலும் பதிவு செய்வது கட்டாயம். 2009-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். "நீ மனைவியே இல்லை" என்று நாளை யாரும் சொல்லாமல் இருக்க அந்தச் சான்றிதழ் உதவும்.

நம் எல்லைப் பகுதிக்குப் பொருத்தமான ஒன்று அந்தப் பிரிவில் இருக்கிறது. "புரியும் பாஷையில்" சொன்னால் போதும் என்கிறது. இந்தப் பாஷை என்று சொல்லவில்லை. சத்தியவேட்டுப் பெண் தெலுங்கில் சொல்லலாம். பொன்னேரிப் பையன் தமிழில் சொல்லலாம். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரிந்தால் சரி.