சுமையை இறக்கி வைக்க ஒரு கல்!

நமக்கு சொந்த ஊர் இடையஞ்சாவடி. காலேஜ்ல சேர்ந்த முதல் நாள் பேரைச் சொன்னதும் ரூம்மேட் கேட்டான், "டோல்கேட்டாடா மச்சான்?" எல்லாம் சுங்கச்சாவடி பண்ற வேலை! சாவடின்னா அந்தக் காலத்துல வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறுற இடம். இப்போ வண்டியை நிறுத்திக் காசு வாங்குற இடம். காலம் மாறிப் போச்சு பாஸ்!

போன செமஸ்டர் லீவுல ஆயாவை பைக்ல உட்கார வெச்சு, அவங்க பொறந்த ஊருக்குக் கிளம்பினேன். மரக்காணம் பக்கம். உப்பளமும் வெள்ளை வெளேர்னு உப்புக் குவியலும் கண்ணுல பட ஆரம்பிச்சதும், "டேய், வண்டிய நிறுத்து"ன்னாங்க.

ரோட்டோரம் மூணு கல். ரெண்டு நிக்குது, ஒண்ணு அதுங்க தலை மேல படுத்திருக்கு. கதவு மாட்டாத வாசல் மாதிரி. மேல ஏதோ ஒரு கோச்சிங் சென்டர் போஸ்டர். ஆயா இறங்கிப் போய், அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

"என்ன ஆயா, சாமியா?"

"சுமைதாங்கிடா. உப்புக் கூடையோட வந்தா இங்கதான் இறக்கி வெச்சு மூச்சு விடுவோம்."

சுமைதாங்கின்னா 1962-ல் ஸ்ரீதர் இயக்கிய படம்னுதான் அதுவரைக்கும் எனக்குத் தெரியும். எத்தனை பஸ்ல இந்தக் கல்லைத் தாண்டிப் போயிருப்பேன்!

சிவில் பசங்க கவனிங்க. ரெண்டு தூண், மேல ஒரு உத்தரம். நம்ம முதல் வருஷ சிலபஸ்ல வர்ற அதே 'சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம்'. தலைச்சுமையைத் தரையில இறக்கினா, திரும்பத் தூக்கி விட இன்னொரு ஆள் வேணும். தனியா நடக்குறவங்க என்ன பண்ணுவாங்க? அதுக்குத்தான் கல்லு ஒசரமா இருக்கு. நின்னபடியே சுமையைக் கல் மேல தள்ளிடலாம். களைப்பு தீர்ந்ததும் அப்படியே தலைக்கு இழுத்துக்கலாம். சூப்பர் டிசைன்ல?

ஆனா, இதை ஏன் வெச்சாங்கன்னு கேட்டப்போதான் தூக்கிவாரிப் போட்டது. வயித்துல புள்ளையோட ஒரு பொண்ணு செத்துப் போனா, அவ நினைவா அவ குடும்பம் நட்டு வைக்கிற கல்லாம் இது. தமிழ்நாடு முழுக்க இருந்த வழக்கம். சில கல்லுல அந்தப் பொண்ணோட பேரும் இருக்கும். அவளால தன் சுமையை இறக்க முடியலை. அவ பேரைச் சொல்லி ஊரார் சுமையாவது இறங்கட்டும்!

ஆயா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, "எங்க அக்காவும் அப்படித்தான்டா போனா. அவளுக்கு ஒரு கல்லு நட நைனாகிட்ட காசு இல்ல" என்றார்.

ஆயாவுக்கு ஒரு அக்கா இருந்ததே எனக்கு இருபது வயசுலதான் தெரிஞ்சது.

வீட்டுக்கு வந்து நெட்ல தேடினேன். இது மாதிரி வழியில போறவங்களை நினைச்சு வெச்ச கல் இன்னொண்ணு மாட்டுச்சு. தர்மபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில நட்ட 13-ம் நூற்றாண்டு மைல் கல். நாவற்தாவளம்கிற ஊருக்கு 29 காதம்னு எழுதி, கூடவே ரெண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி செதுக்கியிருக்காங்க. படிக்கத் தெரியாதவங்க தொட்டுப் பார்த்தே எண்ணிக்கலாம்!

இன்னைக்குக் கூடை சுமக்க லாரி வந்தாச்சு. ஆஸ்பத்திரியும் வந்தாச்சு. ஆனாலும் 2018-20 அரசுக் கணக்குப்படி தமிழ்நாட்டுல ஒரு லட்சம் குழந்தை பிறந்தா 54 தாய்மார்கள் இறந்தாங்க. இந்திய சராசரி 97. முன்னை விட எவ்வளவோ பரவாயில்லைதான். ஆனா, அந்த 54-ல ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தரோட அக்கா.

மரக்காணம் - புதுச்சேரி 46 கிலோமீட்டர் ரோட்டை நாலு வழியாக்க 2025-ல் மத்திய அரசு ஓகே சொல்லிடுச்சு. ரோடு வரட்டும், நல்லதுதான். ஆனா, ரோட்டை அகலமாக்கினா முதல்ல போறது ஓரத்துல இருக்குறதுதானே? ராஜா கட்டின கோட்டைக்கு போர்டு வைப்பாங்க. பேர் தெரியாத புள்ளத்தாச்சிக்கு யார் வைப்பாங்க?

அதனால மக்களே, இந்த லீவுக்கு ஊருக்குப் போனா ஒரு வேலை. உங்க ஊர் ரோட்டோரக் கல்லு ஒவ்வொண்ணையும் போட்டோ எடுங்க. எழுத்து இருந்தா குளோசப்ல எடுங்க. பக்கத்துல இருக்கிற பெரியவங்ககிட்ட, "இது யாருக்கு வெச்சது?"ன்னு கேட்டு எழுதி வைங்க. ரோடு போடும்போது கல்லைப் பத்து அடி தள்ளி நடச் சொல்லி ஊராட்சியில ஒரு மனு கொடுங்க. நானும் கொடுக்கப் போறேன்.

அன்னைக்கு அந்த போஸ்டரைக் கிழிச்சதுக்கே ஆயா எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தாங்க. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அக்கா கதைதான். இத்தனை வருஷம் சுமந்ததை அன்னைக்குத்தான் இறக்கி வெச்சாங்கபோல!